கம்பியில்லா விசைப்பலகையும் மவுஸும்: உண்மையிலேயே அணைந்துவிட்டனவா?

கம்பி வழியாகக் கணினியுடன் இணைந்த விசைப்பலகையை எப்படி அணைப்பது என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரம் கணினியிலிருந்தே வருகிறது. கம்பியைப் பிடுங்கிய கணமே அது வெறும் பலகையாகிவிடும். கம்பியில்லா விசைப்பலகை, மவுஸ், டிராக்பேட் (விரலால் தடவிச் சுட்டியை நகர்த்தும் பலகை), ஹெட்செட் ஆகியவற்றில் பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை. அவற்றுக்கான மின்சாரம் உள்ளே இருக்கும் பேட்டரியிலிருந்து வருவதால், கணினியை அணைப்பதும் துணைக்கருவியை அணைப்பதும் தனித்தனி வேலைகளாகிவிடுகின்றன. புதிதாக ஒன்றை வாங்கியவர் அதை முதல் முறை பைக்குள் வைக்கும்போதோ அலமாரியில் எடுத்து வைக்கும்போதோதான் இதை உணர்கிறார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சிலவற்றில் ஸ்விட்ச் பளிச்சென்று தெரிகிறது, சிலவற்றில் இருந்தும் கண்ணில் படுவதில்லை, சிலவற்றில் ஸ்விட்சே கிடையாது.

இந்தத் தேடலில் பெரும்பாலானோர் தடுமாறுவதற்குக் காரணம் ஸ்விட்ச் ஒளிந்திருப்பது மட்டும் அன்று. கருவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதில் தெளிவு இல்லாததே முதன்மைக் காரணம். அசையாத மவுஸ், விளக்கு எரியாத விசைப்பலகை, கணினித் திரையில் 'இணைப்பு இல்லை' என்று காட்டப்படும் ஹெட்செட் ஆகிய மூன்றையும் நாம் 'அணைந்துவிட்டது' என்றே எடுத்துக்கொள்கிறோம். மூன்றிலும் பேட்டரி வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்.

வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும் மூன்று நிலைகள்

முதலாவது, இணைப்பு அறுந்த நிலை. கம்பியில்லாத் துணைக்கருவிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் கணினியுடன் பேசுகின்றன: ஒன்று ப்ளூடூத், மற்றொன்று யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய ரிசீவர். இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. கணினியில் ப்ளூடூத்தை நிறுத்தினாலும் ரிசீவரைப் பிடுங்கினாலும் அறுவது இந்த வானொலித் தொடர்பு மட்டுமே. கருவி அந்தப் பக்கம் உயிரோடுதான் இருக்கிறது. சொல்லப்போனால், தொடர்பு அறுந்த கருவி சிறிது நேரம் வழக்கத்தைவிட அதிகமாகவே உழைக்கிறது, ஏனெனில் அது தன் கணினியைத் தேடி மீண்டும் மீண்டும் அலைகளை அனுப்பிப் பார்க்கிறது.

இரண்டாவது, உறக்க நிலை. பேட்டரி மாதக்கணக்கில் நீடிப்பதன் இரகசியம் இதில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒளி மவுஸின் அடியில் மிகச் சிறிய கேமரா போன்ற உணரி ஒன்று உண்டு. கை நகரும்போது அது மேசையின் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. கை நின்றுவிட்டால் இவ்வளவு வேகம் வீண் செலவு. ஆகவே சில நொடிகளில் படமெடுக்கும் வேகம் படிப்படியாகக் குறைகிறது. பிறகு 'யாராவது நகர்த்துகிறார்களா?' என்று பார்க்க அவ்வப்போது ஒரு படம் எடுப்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. அடிப்பக்கத்தில் சிவப்பு ஒளி தெரியும் மவுஸ்களில் இதைக் கண்ணால் காணலாம்: நகர்த்தும்போது பளிச்சென்று இருக்கும் ஒளி, சும்மா விட்டால் மங்கும் அல்லது விட்டுவிட்டு மின்னும்.

விசைப்பலகைக்கு இந்தக் கவலைகூட இல்லை. அதில் விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலை போன்ற ஒரு சுற்றில் அமைந்துள்ளன. எதையும் அழுத்தாதவரை உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஏறக்குறைய முழுத் தூக்கத்தில் இருக்கலாம். ஏதேனும் ஒரு விசை அழுந்தியதும் மின் குறிப்பு ஒன்று சில்லை எழுப்பும். சில நிமிடங்கள் எதுவும் அழுத்தப்படாவிட்டால் பல விசைப்பலகைகள் கணினியுடனான ப்ளூடூத் தொடர்பையும் தாமாகவே விட்டுவிடுகின்றன. நெடுநேரம் கழித்துத் தட்டச்சு செய்யும்போது முதல் ஓரிரு எழுத்துகள் தாமதமாக வருவதற்கோ வராமலே போவதற்கோ பெரும்பாலும் இதுவே காரணம். பழுது என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. உறக்கத்தில் செலவாகும் மின்சாரம் மிக மிகக் குறைவு என்றாலும், அது சுழியம் ஆகிவிடுவதில்லை. ஒரே ஒரு தொடுதல் போதும், கருவி விழித்துக்கொள்ளும்.

மூன்றாவது நிலையே உண்மையான அணைப்பு. இதில் எந்த விசையை அழுத்தினாலும், எவ்வளவு உலுக்கினாலும், அதற்கென உள்ள ஸ்விட்சை இயக்காதவரை கருவி எழாது. நாம் தேடுவது இந்த நிலையை.

இரண்டு வகை ஸ்விட்சுகள்

உண்மையான அணைப்புக்கு இட்டுச் செல்லும் ஸ்விட்சுகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, இடமும் வலமுமாகத் தள்ளும் சிறிய ஸ்விட்ச். பெரும்பாலான கருவிகளில் இது பேட்டரிக்கும் சுற்றுக்கும் நடுவில் நேரடியாக அமர்ந்திருக்கும். தள்ளியதும் பாதை துண்டிக்கப்படுகிறது, அவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தள்ளும்போது ஸ்விட்சின் ஒரு பக்கத்தில் பச்சை நிறம் தெரிந்தால் கருவி இயங்குகிறது. சிவப்போ வெறும் கறுப்போ தெரிந்தால் அணைந்திருக்கிறது. ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்தே நிலையைச் சொல்லிவிடலாம் என்பதால், தொடக்கநிலைப் பயனருக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது என்பது என் கருத்து.

மற்றொன்று, அழுத்தும் பொத்தான். இது பார்க்க எளிமையானது, புரிந்துகொள்ளச் சற்றுச் சிக்கலானது. இந்தப் பொத்தான் பெரும்பாலும் மின்பாதையைத் துண்டிப்பதே இல்லை. 'பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது' என்ற செய்தியை மட்டும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு அனுப்புகிறது. எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்று எண்ணிப் பார்த்து, என்ன செய்வது என்று முடிவெடுப்பது அந்தச் சில்லில் எழுதப்பட்ட மென்பொருள்தான். குறுகிய அழுத்தலுக்கு ஒரு பொருள், மூன்று நொடி அழுத்தலுக்கு வேறொரு பொருள், இன்னும் நீண்ட அழுத்தலுக்கு மூன்றாவது பொருள் என்று ஒரே பொத்தானுக்குப் பல வேலைகள் ஏற்றப்படுவது இதனால்தான். பொத்தானைத் தட்டிப் பார்த்துவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுபவர் செய்யத் தவறியது ஒன்றே: விரலை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். தற்செயலாக விரல் பட்டு வேலைக்கு நடுவே கருவி அணைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அணைப்பதற்கு இந்தக் காத்திருப்பை வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் பழைய அலுமினிய கம்பியில்லா விசைப்பலகையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. 2007-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் மூன்று ஏஏ பேட்டரிகளும், 2009-க்குப் பிந்தைய வடிவத்தில் இரண்டும் தேவைப்பட்டன. பேட்டரிகள் இருப்பது விசைப்பலகையின் பின்விளிம்பில் குறுக்காக ஓடும் உருளை வடிவக் குழாயில். அந்தக் குழாயைப் பார்ப்பவர்கள் அதைப் பலகையைச் சாய்த்து நிறுத்தும் தாங்கி என்றே எண்ணுவார்கள். குழாயின் ஒரு முனையில் நாணயத்தால் திருகித் திறக்கும் மூடி இருக்கிறது. வலப்பக்க முனையில் இருப்பதும் அதே போன்ற வட்ட மூடி என்று தோன்றும். உண்மையில் அதுதான் பொத்தான். அதைச் சுமார் மூன்று நொடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் விசைப்பலகை அணைகிறது. மேற்புறத்தின் வலது மூலைப் பகுதியில் உள்ள, எரியாதபோது கண்ணுக்கே தெரியாத சின்னஞ்சிறு பச்சை விளக்கு இதற்குச் சாட்சி சொல்லும். 2010-இல் வந்த முதல் மேஜிக் டிராக்பேடும் இதே குழாய், இதே வலப்பக்கப் பொத்தான் என்ற அமைப்பைக் கொண்டது. அழகுக்காகப் பொத்தானை உடலோடு கரைத்துவிடும் இந்த வடிவமைப்பு எத்தனை பேரைத் திணறவைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் வந்த மேஜிக் விசைப்பலகையிலும் இரண்டாம் டிராக்பேடிலும் அந்த நிறுவனமே பின்விளிம்பில் தள்ளும் ஸ்விட்சுக்கு மாறிவிட்டது. தள்ளினால் பச்சை தெரியும், திருப்பித் தள்ளினால் மறையும்.

ஹெட்செட்டுகளில் அழுத்தும் பொத்தானே அதிகம். அவற்றில் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. அணைந்திருக்கும் ஹெட்செட்டின் பொத்தானை இரண்டு மூன்று நொடிகள் அழுத்தினால் அது எழும். விரலை எடுக்காமல் மேலும் சில நொடிகள் அழுத்தினால், பல வகைகளில் அது புதிய கணினியுடன் இணைவதற்கான தேடும் நிலைக்குப் போய்விடும். இரண்டு நிறங்களில் மாறி மாறி மின்னும் விளக்கைப் பார்த்து 'அணைந்துகொண்டிருக்கிறது போலும்' என்று எண்ணி மேசையில் வைத்துவிட்டால், அது விழித்தபடியே கிடக்கும். கணினியோடு பயன்படுத்தும் விளையாட்டுக் கைக்கருவிகளிலும் இதே நீண்ட அழுத்தல்தான்: எக்ஸ்பாக்ஸ் கம்பியில்லாக் கைக்கருவியில் நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் பொத்தானை ஐந்தாறு நொடிகளும், பிளேஸ்டேஷன் கைக்கருவியில் பி.எஸ். பொத்தானைச் சுமார் பத்து நொடிகளும் பிடித்திருக்க வேண்டும். விளையாட்டுப் பெட்டியோடு இணைந்திருக்கும்போது திரையில் வரும் பட்டியலிலிருந்தே அணைத்துவிடலாம் என்பதால், இந்த நீண்ட அழுத்தலின் தேவை கணினிக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

ஸ்விட்சே இல்லாத கருவிகள்

சிலவற்றில் கருவியின் வடிவமே ஸ்விட்சாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்க் டச் மவுஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வளைத்தால் இயங்கும், தட்டையாக்கினால் அணைந்துவிடும். மடிக்கணினிகளுக்கென அதே நிறுவனம் முன்பு செய்த சில மவுஸ்களில், ரிசீவரை மவுஸின் அடியில் உள்ள பள்ளத்தில் சொருகி வைத்தவுடன் மவுஸ் அணைந்துவிடும். ரிசீவரைப் பத்திரமாக வைக்கும் இடமும் ஸ்விட்சும் ஒன்றாக இருந்தன. ஆனால் எல்லா மவுஸ்களிலும் ரிசீவர் வைக்கும் பள்ளம் இப்படி வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. பலவற்றில் அது வெறும் சேமிப்பு இடம் மட்டுமே. அருகில் தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காதுக்குள் பொருத்தும் கம்பியில்லா ஒலிக்கருவிகளைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதே அணைப்பு. ஆப்பிள் பென்சில் போன்ற எழுதுகோல்களில் பயனர் இயக்கும் ஸ்விட்ச் எதுவும் கிடையாது. பயன்பாடு இல்லாதபோது அதுவாகவே உறங்கும். இப்படிப்பட்ட கருவியில் ஸ்விட்சைத் தேடி நேரத்தைச் செலவிடுவதில் பயனில்லை.

தேடும் ஒழுங்கு

கையில் இருக்கும் கருவி எந்த வகை என்று தெரியாதபோது, ஒரு வரிசையில் தேடுவது நல்லது. மவுஸாக இருந்தால் முதலில் அடிப்பக்கம். பத்தில் ஒன்பது என்று எண்ணிக்கை சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மவுஸின் ஸ்விட்ச் வழக்கமாக இருப்பது அங்கேதான், ஏனெனில் மேற்பரப்பு முழுவதும் கைக்கு வேண்டும். ஆப்பிளின் மேஜிக் மவுஸிலும் அது அடியில்தான் உள்ளது. (அதன் பிற்கால வடிவங்களில் சார்ஜ் செய்யும் துளையையும் அடியிலேயே வைத்து, சார்ஜ் ஏறும்போது மவுஸைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டார்கள்.) விசைப்பலகையாக இருந்தால் அடிப்பக்கத்துக்கு முன்பாக நான்கு விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். லாஜிடெக் கே380 விசைப்பலகையில் ஸ்விட்ச் இடப்பக்க விளிம்பில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் எம்.எக்ஸ். கீஸ் விசைப்பலகையில் பின்விளிம்பில். கண்ணைவிட விரல் நுனி இதில் நம்பகமானது, ஏனெனில் கறுப்பு நிற உடலில் கறுப்பு நிற ஸ்விட்சைக் கண் எளிதில் தவறவிடும். பிறகு பேட்டரி மூடியைச் சுற்றியும், அதைத் திறந்து உள்ளேயும் பார்க்கலாம்.

அணைப்பு ஸ்விட்ச் என்று தவறாக எண்ண வாய்ப்புள்ள பொத்தான்களும் உண்டு. அடிப்பக்கத்தில் சற்று உள்வாங்கிய சிறிய பொத்தான் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் கணினியுடன் புதிதாக இணைப்பதற்கானது. பல கணினிகளுடன் பயன்படுத்தும் மவுஸ்களில் 1, 2, 3 என்று எண்கள் ஒளிரும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தும்போது முதல் கணினியில் மவுஸ் நின்றுவிடுவதால், அணைந்துவிட்டது என்றே தோன்றும். நடந்தது வேறு: மவுஸ் இரண்டாவது கணினிக்குத் தாவியிருக்கிறது, அல்லது இரண்டாவதாக எதுவும் இல்லாததால் எண்ணை மின்னவிட்டபடி தேடிக்கொண்டிருக்கிறது.

குறியீடுகளும் ஓரளவு கைகொடுக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த குறியீட்டுத் தொகுப்பில் நேர்க்கோடு இயக்கத்தையும் வட்டம் அணைப்பையும் குறிக்கின்றன. முழு வட்டத்துக்குள் கோடு இருந்தால், ஒரே பொத்தான் இயக்கவும் அணைக்கவும் பயன்படும் என்று பொருள். மேற்புறம் திறந்த வட்டத்தின் இடைவெளியில் கோடு நின்றால், அந்தத் தொகுப்பின்படி அது காத்திருப்பு நிலையைக் குறிக்கும். அதாவது முழு அணைப்பு அன்று. இன்று பல கருவிகளிலும் காணப்படுவது இந்தக் கடைசிக் குறிதான். மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ. வகுத்து 2004-இல் வந்த 1621 என்ற தரநிலை, வேறுபாடுகளால் மக்கள் குழம்புவதைத் தவிர்க்க, அந்தக் குறியைப் பொதுவாக 'மின்சாரம்' என்ற பொருளில் பயன்படுத்தலாம் என்று வழிவிட்டது. ஆகவே அந்தக் குறியைக் கண்டால் ஸ்விட்ச் கிடைத்துவிட்டது என்று மகிழலாம். அழுத்தியதும் கருவி முழுமையாக அணைகிறதா, உறங்கப் போகிறதா என்பதைக் குறியைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது.

அணைந்ததா என்று சோதிப்பது

விளக்கை நம்புவது பலரின் வழக்கம், அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. பேட்டரியைச் சேமிப்பதற்காக, இயங்கிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகளில் தன் விளக்கை அணைத்துவிடும் கருவிகள் ஏராளம். அடுத்தது, மவுஸின் அடியில் ஒளி தெரியாததை அணைப்பின் அடையாளமாகக் கொள்வது. லேசர் வகை மவுஸ்களும் வேறு பல புதிய மவுஸ்களும் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. அவை முழு வேகத்தில் இயங்கும்போதும் அடிப்பக்கம் இருட்டாகவே இருக்கும்.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது. கணினியில் வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அணைத்ததாக நினைக்கும் விசைப்பலகையில் ஏதேனும் ஒரு விசையைச் சில முறை அழுத்த வேண்டும். மவுஸாக இருந்தால் நகர்த்திச் சொடுக்க வேண்டும். உடனே முடிவுக்கு வந்துவிடாமல் பத்து நொடிகளாவது காத்திருப்பது முக்கியம், ஏனெனில் உறங்கும் கருவி விழித்துக் கணினியைக் கண்டுபிடித்து மீண்டும் இணைய அந்த அவகாசம் தேவைப்படலாம். அதற்குப் பிறகும் எழுத்து வரவில்லை, சுட்டி அசையவில்லை என்றால் பெரும்பாலும் அணைந்திருக்கிறது. 'பெரும்பாலும்' என்பதற்குக் காரணம் உண்டு: அந்தக் கருவி முன்பு வேறொரு கணினியுடனோ டேப்லெட்டுடனோ இணைக்கப்பட்டிருந்தால், இங்கே மௌனமாக இருந்துகொண்டு அங்கே இயங்கிக்கொண்டிருக்கலாம். அந்தச் சாதனத்தின் ப்ளூடூத் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிட்டால் ஐயம் தீரும். பட்டியலில் கருவியின் பெயர் இருப்பதால் கவலைப்பட வேண்டாம், பெயர் எப்போதும் இருக்கும். பெயரருகே 'இணைந்துள்ளது' என்று காட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் பலருக்கு உள்ள ஓர் அச்சத்தையும் போக்கிவிடலாம். கருவியை அணைத்தால், அல்லது பேட்டரியைக் கழற்றினால், கணினியுடன் செய்த இணைப்பு அழிந்துபோய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும் என்பதே அந்த அச்சம். அப்படி நேராது. முதல் முறை இணைக்கும்போது கருவியும் கணினியும் ஓர் இரகசியக் குறியீட்டைப் பகிர்ந்து, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் பதித்துக்கொள்கின்றன. மீண்டும் இயக்கியதும் அதைக் கொண்டே ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. அந்தப் பதிவை அழிப்பது கணினி அமைப்புகளில் உள்ள 'சாதனத்தை அகற்று' அல்லது 'மறந்துவிடு' என்ற கட்டளை. அணைக்கும் நோக்கில் அதை அழுத்துவது வீண் வேலை: கருவி அணையாது, இணைப்பும் போய்விடும்.

எப்போது அணைக்க வேண்டும்?

நாள்தோறும் பயன்படுத்தும் மவுஸை ஒவ்வோர் இரவும் அணைத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உறக்க நிலை அதற்காகத்தான் இருக்கிறது. பொத்தானை நாள்தோறும் தேடி அழுத்துவதால் மிச்சமாகும் மின்சாரம் அற்பமானது. ஒரு விதிவிலக்கு உண்டு. கணினியை உறக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் உள்ளவர்கள், மேசை அதிர்ந்து மவுஸ் அசைந்ததாலேயே திரை நள்ளிரவில் விழித்துக்கொள்வதைக் கண்டிருக்கலாம். அவர்கள் மவுஸை அணைத்துவிடலாம், அல்லது கணினியின் சாதன அமைப்புகளில் மவுஸ் கணினியை எழுப்புவதற்கு உள்ள அனுமதியை நீக்கிவிடலாம்.

பைக்குள் வைத்து எடுத்துச் செல்லும்போது அணைப்பது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். பைக்குள் மற்றப் பொருட்கள் விசைகளை அழுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் விசைப்பலகை விழித்து, கணினியைத் தேடி, கிடைக்காமல் மீண்டும் உறங்கும். இப்படி ஒரு நாளில் வீணாகும் மின்சாரம் பல நாட்களின் உறக்கச் செலவைவிட அதிகமாகிவிடும். கணினி அருகிலேயே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ப்ளூடூத் துணைக்கருவிகள் பொதுவாகப் பத்து மீட்டர் அளவு தூரம் வரை எட்டக்கூடியவை. ஆகவே பைக்குள் அழுந்திய விசைகள் மேசைமேல் திறந்திருக்கும் கணினியில் எழுத்துகளாகக் கொட்டலாம், திறந்திருக்கும் கடிதத்தை அழிக்கலாம், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் தவறான முயற்சிகளைப் பதிவு செய்து கணக்கையே பூட்டிவிடலாம். காரணம் தெரியாதவர் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாகவே எண்ணுவார். துணியால் விசைகளைத் துடைக்கும்போதும் இதே விளைவு ஏற்படும் என்பதால், துடைப்பதற்கு முன்பும் அணைக்க வேண்டும்.

விமானப் பயணத்தில் இது வசதியைத் தாண்டி விதியாகிறது. லித்தியம் பேட்டரி கொண்ட மின்னணுக் கருவிகளை இயன்றவரை கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் அவை முழுமையாக அணைக்கப்பட்டிருக்க வேண்டும், உறக்க நிலை போதாது, தற்செயலாக இயங்கிவிடாதபடியும் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் கூறுகின்றன. கழற்றி வைத்த உதிரி லித்தியம் பேட்டரிகளை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. தள்ளும் ஸ்விட்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மவுஸ் என்றால், பெட்டிக்குள் உரசி ஸ்விட்ச் நகர்ந்துவிடாதபடி அதை ஓர் உறைக்குள் போட்டு வைப்பது நல்லது.

மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கப் போகும் கருவிக்கு அணைப்பது மட்டும் போதாது. சாதாரண அல்கலைன் பேட்டரிகள் தீர்ந்த நிலையில் உள்ளேயே கிடந்தால் கசியும் தன்மை கொண்டவை. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற அரிக்கும் பொருள், அது வெள்ளைப் பொருக்காகப் படிந்து உள்ளிருக்கும் சுருள்கம்பிகளை அரித்துவிடும். ஆகவே அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். கழற்ற முடியாத லித்தியம் அயனி பேட்டரிக்கு வேறு கவனம் தேவை: அது அணைத்த நிலையிலும் மெல்லத் தன் மின்னேற்றத்தை இழந்துகொண்டே இருக்கும், முற்றிலும் வடிந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் மீண்டும் சார்ஜ் ஏறாமலே போகக்கூடும். சுமார் பாதி அளவு சார்ஜ் ஏற்றி, அணைத்து, வெயில் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அணைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளலாம். மேசைக்கணினியில் வேறு விசைப்பலகையோ மவுஸோ இல்லாத நிலையில் இருப்பதை அணைத்துவிட்டால், சேமிக்காத வேலையைச் சேமிப்பதற்குக்கூட வழி இருக்காது. முதலில் கணினியில் வேண்டியதை முடித்துக்கொண்டு, பிறகு துணைக்கருவியை அணைக்க வேண்டும். மீண்டும் இயக்கும்போது வரிசை தலைகீழ்: கணினி முழுமையாக எழுந்த பிறகு கருவியின் ஸ்விட்சை இயக்கி, ஒரு விசையை அழுத்திவிட்டுச் சில நொடிகள் காத்திருந்தால் பெரும்பாலும் தானாகவே இணைந்துவிடும். இணையவில்லை என்றால் பேட்டரியைச் சரிபார்த்து, கருவியை ஒரு முறை அணைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். கணினியின் பட்டியலிலிருந்து பெயரை நீக்கி முதலிலிருந்து இணைப்பது, இவை இரண்டும் பலிக்காத பிறகு செய்ய வேண்டிய வேலை.